மதுரையில் தமிழ் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் நால்வர் சென்னைக்கு இரண்டு நாள் வருகிறார்கள்: எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது?

வைகைக்கரை (கேள்வி)

வணக்கம். மதுரையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டு மாடியறையில் ஆறு மாதமாக ஓர் அமெரிக்கப் பெண் தங்கித் தமிழ் படித்து வருகிறாள். பாஸ்டனுக்குப் பக்கத்து ஊர்க்காரி, வயது இருபத்துமூன்று. வந்த புதிதில் "நான் உணவு உண்டுவிட்டேன்" என்று பாடநூலைப் போலப் பேசியவள், இப்போது கொத்தவரங்காய் விலைக்காகக் காய்க்காரரிடம் வாதாடும் அளவுக்குத் தேறிவிட்டாள். அவளும் உடன் படிக்கும் மூவரும் (ஜப்பானியப் பெண் ஒருத்தி, போலந்துப் பெண் ஒருத்தி, ஜெர்மானிய இளைஞர் ஒருவர்) வரும் பிப்ரவரியில் ஒரு சனி, ஞாயிறு சென்னையைப் பார்க்க வேண்டும் என்று திட்டம் போட்டு வருகிறார்கள். வெள்ளிக்கிழமை இரவு பாண்டியன் ரயிலில் ஏறி, ஞாயிறு இரவு அதே பாண்டியனில் திரும்புவதாக ஏற்பாடு. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வகுப்பு இருக்கிறது.

நான் சென்னையை விட்டு வந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. எனக்குத் தெரிந்த சென்னையில் மெட்ரோ கிடையாது. மவுண்ட் ரோட்டில் ஏறினால் எந்தப் பேருந்து எங்கே போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், இப்போது அதுவும் மறந்துவிட்டது. எனவே அங்கே வசிப்பவர்களிடம் கேட்கலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலாவது, தங்குமிடம். மேற்கு மாம்பலத்தில் என் நாத்தனார் வீடு இருக்கிறது, இரண்டு அறை காலியாகவே கிடக்கிறது. அங்கே தங்க வைக்கலாமா, அல்லது விடுதிதான் நல்லதா? அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது சி படிவம் என்று ஒன்றைக் கணினியில் பதிந்தது நினைவிருக்கிறது. இரண்டு இரவுக்கும் குறைவான தங்கலுக்கும் அது வேண்டுமா? இரண்டாவது, எதைப் பார்ப்பது? மாமல்லபுரத்தைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று அவர்களுக்குள்ளேயே சண்டை நடக்கிறது. மூன்றாவது, என் கணவர் இரண்டு நாளுக்கும் ஓட்டுநரோடு கார் பேசிவிடலாம், நாத்தனார் மகன் கூடவே இருந்து எல்லாவற்றையும் காட்டுவான் என்கிறார். அந்தப் பெண்ணுக்கு அதில் விருப்பம் இல்லை. இந்தியாவில் வந்து இறங்கிய நாளில் சென்னையில் ஓர் இரவு இருந்தபோது, தான் தமிழில் கேட்ட ஒவ்வொன்றுக்கும் எல்லாரும் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார்கள் என்ற மனத்தாங்கல் அவளுக்கு இன்னும் தீரவில்லை.


எழும்பூர்வாசி

வணக்கம் அம்மா. தங்குமிடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதில் பட்ட அனுபவம் எனக்கு உண்டு.

சி படிவம் ஓர் இரவுத் தங்கலுக்கும் வேண்டும். வெளிநாட்டவர் ஒருவர் விடுதியில் தங்கினாலும், யாருடைய வீட்டில் விருந்தாளியாகத் தங்கினாலும், வந்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் தங்க வைத்தவர்தான் அதைக் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் பதிய வேண்டும். வந்தவர் மதுரையில் ஏற்கெனவே பதிவு செய்துகொண்டவர் என்பதால் இது நீங்கிவிடாது. உங்கள் நாத்தனார் வீட்டில் நால்வர் தங்கினால் நான்கு பேருக்கும் அவர் பதிய வேண்டும். பெரிய வேலை ஒன்றும் இல்லை, கடவுச்சீட்டு, விசா இரண்டின் படிகளும் இருந்தால் போதும். ஆனால், முதல் தடவை கணக்குத் தொடங்குவதற்குள் பொறுமை போய்விடும் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒரே ஓர் இரவுக்காக நாத்தனாரை அந்தப் பாட்டுக்கு உள்ளாக்க வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

விடுதி என்றால், எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே கென்னட் சந்திலும் அதைச் சுற்றியும் நடுத்தர வாடகையில் நிறைய இருக்கின்றன. ஆனால் எல்லா விடுதியும் வெளிநாட்டவரை ஏற்பதில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் என்னோடு வேலை பார்த்த ஒரு பிரெஞ்சுக்காரருக்காக இணையத்தில் அறை பதிந்து, பணமும் கட்டி, இரவு பத்து மணிக்குப் பெட்டியோடு போய் நின்றோம். மேசையில் இருந்தவர் கடவுச்சீட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஃபாரினர்னா நம்ம கிட்ட வசதி இல்ல சார்" என்று திருப்பிக் கொடுத்தார். அறையில் வசதி இல்லை என்று நினைத்து, மின்விசிறி போதும் என்று அந்த மனிதர் கெஞ்சியதுதான் கொடுமை. அவர்களிடம் இல்லாதது சி படிவம் பதியும் கணக்கு. ஆகவே பதிவதற்கு முன் தொலைபேசியில் கூப்பிட்டு, "வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள், சி படிவம் போடுவீர்களா" என்று அதே சொற்களில் கேளுங்கள். வாடகை மதியம் பன்னிரண்டுக்குத் தொடங்குகிறதா, உள்ளே நுழைந்த நேரத்திலிருந்து இருபத்துநான்கு மணியா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். விடியற்காலையில் வந்து இறங்குகிறவர்களுக்கு இரண்டாவது வகைதான் பயன்படும். கடவுச்சீட்டின் அசலையே கொண்டுவரட்டும், கைப்பேசிப் படத்தை எல்லா இடத்திலும் ஏற்கமாட்டார்கள்.

எழும்பூர் நிலையத்தைப் புதுப்பிக்கும் வேலை நடப்பதால் சில வண்டிகளை அவ்வப்போது தாம்பரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கிளம்பும் நாளில் ஒரு தடவை பார்த்துக்கொண்டால் அரைத்தூக்கத்தில் அலைய வேண்டாம்.


மாடவீதி

எழும்பூர்வாசி சொன்னதையே நானும் சொல்வேன், விடுதிதான் வசதி. நான் மயிலாப்பூர்க்காரன், ஆகையால் என் பேச்சில் சார்பு இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: சனிக்கிழமை காலையை முழுக்க மயிலாப்பூருக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஏழு மணிக்கெல்லாம் கபாலீசுவரர் கோயில் குளத்தின் மேற்குக் கரையில் வந்து நின்றுவிட வேண்டும். எழும்பூரில் மின்சார ரயில் ஏறி, கோட்டை நிலையத்தில் பறக்கும் ரயிலுக்கு மாறினால் திருமயிலை. இறங்கியதும் மெட்ரோ வேலைக்காகப் போட்டிருக்கும் தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். அதைப் பார்த்து மயிலாப்பூரே இப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம், எங்களுக்கும் அது தலைவலிதான். பழைய கோயில் கடலோரத்தில் இருந்து போர்த்துக்கீசியர் காலத்தில் அழிந்தது; இப்போதிருப்பது அதன் பின் உள்ளே தள்ளிக் கட்டியது. கிழக்குக் கோபுரம் நூற்றிருபது அடி, 1906இல் எழுப்பியது. மதுரைக் கோபுரங்களுக்குக் கீழே ஆறு மாதம் நடந்தவர்களுக்கு இந்த உயரம் பெரிதாகத் தோன்றாது. ஆனால் இங்கே கோயில், குளம், மாடவீதி, காய்க்கடை, பாத்திரக்கடை, பூக்கடை எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம்.

இந்து அல்லாதவர் கொடிமரம் தாண்டிப் போக முடியாது. பழநிக் கோயில் வழக்கில் 2024 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தந்த தீர்ப்புக்குப் பின் இதைப் பற்றிப் பேச்சு அதிகமாயிற்று. மீனாட்சியம்மன் கோயிலில் பழகியிருப்பார்கள் என்பதால் வருத்தப்படமாட்டார்கள். வெளிப்பிராகாரத்தைச் சுற்றத் தடை இல்லை. புன்னை மரத்தடியும், பார்வதி மயிலாக வந்து பூசித்த சந்நிதியும், சம்பந்தர் எலும்பிலிருந்து எழுப்பிய பூம்பாவையின் சந்நிதியும் அங்கேயே இருக்கின்றன. தமிழ் படிக்கிறவர்களுக்கு இந்தக் கதைகளைக் கேட்கத் தெரிந்திருக்கும். தைப்பூசத்தை ஒட்டி மூன்று நாள் இங்கே தெப்பம் உண்டு, அதற்கேற்ப நாளை மாற்றலாமே என்று எழுத நினைத்தேன். அதே தைப்பூசத்தில்தானே உங்கள் மாரியம்மன் தெப்பக்குளத்திலும் தெப்பம்! அன்றைக்கு அவர்கள் மதுரையை விட்டு நகரக்கூடாது.

காலைச் சிற்றுண்டியை மாடவீதியை ஒட்டிய ஏதாவது ஒரு மெஸ்ஸில் முடித்துவிட்டு, காபி குடித்து, அங்கிருந்து நடந்தே சாந்தோம் போகலாம். அப்போஸ்தலர் தோமாவின் கல்லறைமேல் போர்த்துக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டில் கட்டிய தேவாலயம் அது. இப்போது காணும் வெள்ளைக் கட்டடம் 1896இல் முடிந்தது. நிலத்தடியில் கல்லறை அறைக்குப் படியிறங்கிப் போகலாம். போலந்துப் பெண் கத்தோலிக்கராக இருந்தால் அங்கே கொஞ்ச நேரம் கேட்பார், அவசரப்படுத்தாதீர்கள்.

கார் வேண்டாம். கார் வைத்துக்கொண்டு மயிலாப்பூரில் செய்யக்கூடிய ஒரே காரியம், நிறுத்த இடம் தேடுவது.


கிழக்குக் கடற்கரைச் சாலை

மாமல்லபுரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன். நகரத்திலிருந்து அறுபது கிலோமீட்டருக்குள் 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட ஓர் ஊரை வைத்துக்கொண்டு, அதைக் காட்டாமல் அனுப்புவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஞாயிறு அதிகாலையில் பேருந்து ஏறினால் வெயில் ஏறுவதற்குள் ஐந்து ரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் முடித்து, திரும்பும் வழியில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவில் மதியச் சாப்பாட்டையும் வைத்துக்கொள்ளலாம். செவ்வாய்தான் அங்கே விடுமுறை. 1996 இறுதியில் திறந்த இடம் அது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று நான்கு பக்கத்துப் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து, கல் கல்லாக மரம் மரமாக மறுபடி கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. வடநெம்மேலி முதலைப் பண்ணையும் அதே சாலையில்தான். 1976இல் அதைத் தொடங்கிய ராமுலஸ் விட்டேக்கர் அமெரிக்காவில் பிறந்தவர், இருளர் சமூகத்தாரோடு பழகிப் பாம்புகளைப் பற்றிக் கற்றவர். இங்கேயே தங்கிவிட்ட அமெரிக்கர் ஒருவர் உண்டு என்று உங்கள் வீட்டுப் பெண்ணுக்குச் சொல்லுங்கள், அம்மா, பிறகு அவர் ஊர் திரும்பாவிட்டால் நான் பொறுப்பில்லை.

கட்டணம் ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாமல்லபுரத்தில் நமக்கு நாற்பது ரூபாய், வெளிநாட்டவருக்கு அறுநூறு. நால்வருக்கு 2400 ரூபாய். ஆறு மாதம் மதுரையில் வாழ்ந்ததும், தமிழில் டிக்கெட் கேட்பதும் அந்த ஜன்னலில் செல்லுபடியாகாது, கடவுச்சீட்டுத்தான் பேசும். அர்ச்சுனன் தபசு மட்டும் சாலையோரத்திலேயே இருக்கிறது. யானைக் கூட்டத்துக்குக் கீழே தவம் செய்யும் பூனையைக் கண்டுபிடிக்க அவர்களையே விடுங்கள்.


மாடவீதி

மேலே எழுதிய நண்பரின் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் அவர் சொன்னதை எல்லாம் கூட்டிப் பாருங்கள்: ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே போய்விடும், அதிலும் ஞாயிறு மாலையில் நகருக்குள் திரும்பும் நெரிசலில் பாண்டியனைப் பிடிப்பது எப்படி? அவர்கள் வருவது சென்னையைப் பார்க்க. மாமல்லபுரத்துக்கு இன்னொரு விடுமுறையில் தனியாக வந்து, ஓர் இரவு அங்கேயே தங்கிப் பார்க்கட்டும்.


பழைய தமிழாசிரியர்

ஓய்வுபெற்றுப் பதினோரு ஆண்டுகளாகத் திருவல்லிக்கேணியில் இருக்கிறேன். தமிழ் படிக்கிற வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இந்த ஊரில் காட்ட வேண்டியது எது என்று என்னிடம் கேட்டால், சனிக்கிழமை மாலை நான்கரை மணிக்கு உழைப்பாளர் சிலையில் தொடங்கி, காமராசர் சாலையில் தெற்கு நோக்கி நடக்கச் சொல்வேன். 1968 ஜனவரியில் இங்கே இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது கடற்கரையில் வைத்த சிலைகள் வரிசையாக வரும். வள்ளுவர், இளங்கோ, ஔவை, கம்பர், பாரதி இவர்களோடு சமமாக மூன்று வெளிநாட்டவர் நிற்கிறார்கள்: இத்தாலியில் பிறந்து, வீரமாமுனிவர் என்று பெயர் வைத்துக்கொண்டு, 1732இல் சதுரகராதியைத் தொகுத்த பெஸ்கி, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட கால்டுவெல், கனடாவில் பிறந்து, பத்தொன்பது வயதில் இங்கே கப்பலில் வந்து, குறளை 1886இல் ஆங்கிலத்தில் தந்த போப். அயலூரிலிருந்து வந்து தமிழ் கற்றவர்களை ஒரு நகரம் கடற்கரையில் நிற்க வைத்துக் கொண்டாடியிருக்கிறது என்பதை அந்தப் பிள்ளைகள் தங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். கண்ணகி சிலையின் கதையையும் சொல்லுங்கள். 2001 டிசம்பரில் அகற்றி, 2006 ஜூனில் மறுபடி வைத்தார்கள், இடைப்பட்ட ஆண்டுகளில் இந்த ஊரில் அதைப் பற்றிப் பேசாதவர் கிடையாது. சாலைக்கு மறுபக்கம் மாநிலக் கல்லூரி வளாகத்தில் உ.வே.சாமிநாதையர் கடலைப் பார்த்தபடி நிற்கிறார். 1903 முதல் 1919 வரை அவர் அங்கே தமிழாசிரியராக இருந்தார்.

உங்கள் வீட்டுப் பெண் பாஸ்டன் பக்கம் என்றீர்கள். அவர் கட்டாயம் நிற்க வேண்டிய இடம் அதே சாலையில் இருக்கிறது. இப்போது விவேகானந்தர் இல்லம் என்கிறோம். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது ஐஸ் ஹவுஸ், இன்றைக்கும் பேருந்து நடத்துநர் அப்படித்தான் கூவுவார். பாஸ்டன் வணிகரான பிரெடரிக் டியூடரின் நிறுவனம் 1842இல் கட்டியது. மசாசூசெட்ஸ் மாநிலத்துக் குளங்களில் குளிர்காலத்தில் உறைந்த பனியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் புதைத்துக் கப்பலில் ஏற்றி, மாதக்கணக்கில் கடல் கடந்து கொண்டுவந்து இங்கே சேமித்து விற்றார்கள். மதராசில் இருந்த வெள்ளைக்காரர்களின் கோப்பையில் அந்த ஊர்க் குளத்து நீர் மிதந்தது. இயந்திரத்தில் பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் வியாபாரம் படுத்தது. பிறகு பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞர் வாங்கினார். அமெரிக்காவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் ஒன்பது நாள் தங்கியது அவர் வீட்டில்தான். தன் ஊர்க் குளத்துப் பனி கரைந்த இடத்தில் நிற்கிற வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

ஞாயிறு காலையில் திருவல்லிக்கேணிக்கே வரட்டும். மீசை வைத்த பெருமாள் இருக்கும் பார்த்தசாரதி கோயில், அங்கே 1921 ஜூனில் யானை பாரதியாரைத் தள்ளிய கதை, சற்றுத் தள்ளித் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் அவர் கடைசியாக வாழ்ந்த வீடு, பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதையில் ஞாயிறு தோறும் விரிக்கும் பழைய புத்தகங்கள் என்று பத்து நிமிட நடைக்குள் எல்லாம் அடங்கிவிடும். பாடப்புத்தகம் தேடுகிற கல்லூரிப் பிள்ளைகளின் கூட்டத்தில் நின்று, குந்தி உட்கார்ந்து, தூசி தட்டிப் புரட்டினால் எதுவாவது அகப்படும்.

கடலில் இறங்கக் கூடாது. இதை நான் சொல்வதாகவே சொல்லுங்கள். மெரினாவில் காலுக்கடியில் மணலை இழுக்கும் நீரோட்டம் உண்டு; நீச்சல் தெரிந்தவர்களும் போயிருக்கிறார்கள்.


வேளச்சேரி ரயில்

அக்கா, எல்லாரும் எதைப் பார்ப்பது என்று சொல்லிவிட்டார்கள், நான் உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். நாத்தனார் மகனை அனுப்பாதீர்கள்.

அவர் நல்ல பையனாகத்தான் இருப்பார். ஆனால் என் அலுவலகத்தில் ஒரு கொரியத் தோழி இருக்கிறார், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் மூன்று ஆண்டுகள் இருந்து ஓரளவு தமிழ் பேசக் கற்றவர். அவரோடு நான் கடைக்குப் போனால், அவர் தமிழில் கேட்பார், கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துத் தமிழில் பதில் சொல்வார். அவர் தனியாகப் போனால், முதல் வாக்கியத்துக்கு ஆங்கிலத்தில் பதில் வரும், இரண்டாவதுக்கு இரண்டும் கலந்து வரும், மூன்றாவதில் கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "எந்த ஊரும்மா நீங்க, தமிழ் எங்க கத்துக்கிட்டீங்க" என்று தொடங்கிவிடுவார். நான் பக்கத்தில் நிற்கும்வரை அந்த மூன்றாவது வாக்கியம் வரவே வராது. நம்மவர்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்வது பெரும்பாலும் மரியாதைக்காகத்தான், விருந்தாளியைச் சிரமப்படுத்தக் கூடாது என்று. அதைக் கேட்டு அந்தப் பெண்ணும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. தமிழிலேயே தொடரச் சொல்லுங்கள். நால்வரும் கும்பலாக ஒரே கடையில் நிற்காமல் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து போனால் இன்னும் நல்லது.

பெண்கள் மூவருக்கும் சாதாரணக் கட்டணப் பேருந்தில் டிக்கெட்டுக்குக் காசு இல்லை, மதுரையிலேயே பழகியிருப்பார்கள். ஜெர்மானிய இளைஞர் மட்டும் காசு கொடுத்து ஏறுவார். ஆட்டோ மீட்டரை நம்பிப் புறப்பட வேண்டாம். முதல் 1.8 கிலோமீட்டருக்கு இருபத்தைந்து ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு என்று 2013இல் அரசு அறிவித்தது, அந்தக் கட்டணத்தை அச்சிட்ட அட்டை பல ஆட்டோக்களில் வெறும் அலங்காரமாகத் தொங்கியதைத்தான் பார்த்திருக்கிறேன். செயலியில் கூப்பிடுவதே நிம்மதி. மெட்ரோ இரவு பதினொரு மணி வரை ஓடும்.

மெரினாவில் மாலையில் செல்ஃபி கேட்டு வருவார்கள். ஒன்றுக்குச் சரி என்றால் பத்தாகும். "வேணாம் தம்பி" என்று தமிழில் சொன்னால், கேட்டவர் அதிர்ச்சியில் சிரித்துவிட்டு விலகிப் போவார் என்று என் தோழி அனுபவத்தில் சொல்கிறார். இருட்டிய பிறகு தண்ணீர் ஓரம் வரை போகாமல், சாலைப் பக்கத்து மணலிலேயே இருக்கட்டும்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தை யாரும் சொல்லவில்லை. சனிக்கிழமை உச்சி வெயிலுக்கு அதைவிட நல்ல நிழல் இல்லை. வெள்ளி விடுமுறை, சனி திறந்திருக்கும். 1851இல் தொடங்கியது, செப்புத்திருமேனிக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார், இன்னொரு கட்டடத்தில் அமராவதிக் கற்சிற்பங்கள். கீழடி அருங்காட்சியகத்தைப் பார்த்தவர்கள் என்றால், ஆதிச்சநல்லூரில் கிடைத்தவற்றைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.


பழைய தமிழாசிரியர்

தம்பியை அனுப்ப வேண்டாம் என்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. கூடவே நடக்க வேண்டாம், ஆனால் கூப்பிட்ட குரலுக்கு வரக்கூடிய தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும். அவர் எண்ணை நால்வரும் கைப்பேசியில் பதிந்து வைத்துக்கொள்ளட்டும். சனி இரவு ஒரு வேளை மட்டும் நாத்தனார் வீட்டில் சாப்பிடட்டும். வீட்டுச் சாப்பாடு சாப்பிடாமல் போனார்கள் என்றால் நாளைக்கு நாத்தனார் உங்களிடம் கேட்பார்.


வைகைக்கரை

எல்லாருக்கும் நன்றி. போய்த் திரும்பிவிட்டார்கள். எழுதக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

எழும்பூரில் நான்கு விடுதிகளைக் கூப்பிட்டுக் கேட்டோம். இரண்டில் சி படிவம் என்றதும் மறுத்துவிட்டார்கள், மூன்றாவதில் அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று இழுத்தார்கள், நான்காவதில் கடவுச்சீட்டுப் படிகளை முன்னமே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள். நான்காவதைப் பிடித்துக்கொண்டோம். நாத்தனார் மகன் நிலையத்துக்கு வந்து, காபி வாங்கிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்விட்டான். மாமல்லபுரத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள், ஜெர்மானியப் பையனுக்கு மட்டும் அதில் வருத்தம், மார்ச்சில் தனியாகவாவது போவேன் என்கிறான்.

ஆசிரியர் ஐயா சொன்ன சிலை நடை எதிர்பார்த்ததைவிட நீண்டுவிட்டதாம். போப் சிலைக்கு முன்னால் நால்வரும் நின்று பீடத்து எழுத்தைக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தபோது, சுண்டல் தூக்கிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் நின்று, "யாரும்மா இவரு, உங்க தாத்தாவா?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் பெண், "எங்க தாத்தா அதோ, எதிர்ல காலேஜுக்குள்ள நிக்கிறாரு" என்று சாலைக்கு அப்பால் கையைக் காட்டியிருக்கிறாள். அந்தப் பெரியவருக்குத் தமிழ்த் தாத்தா நினைவுக்கு வர ஒரு நிமிடம் ஆயிற்றாம், வந்ததும் ஒரு பொட்டலத்துக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். ஐஸ் ஹவுஸுக்கு முன்னால் நின்று அவள் தன் அப்பாவுக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறாள். அவர்கள் ஊரில் அன்றைக்குப் பனி கொட்டிக்கொண்டிருந்ததாம்.

குறை என்று பார்த்தால், அருங்காட்சியகத்தில் செப்புத்திருமேனிகளுக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை, திருமயிலை நிலையத்திலிருந்து வெளியே வரும் வழி இருபது நிமிடம் பிடித்தது, ஓர் ஆட்டோக்காரர் செயலியில் காட்டிய தொகைக்கு மேல் ஐம்பது ரூபாய் கேட்டு, தமிழில் வாதாடியதும் இருபதுக்கு இறங்கினார். அந்த முப்பது ரூபாய்தான் இந்தப் பயணத்திலேயே தான் சம்பாதித்த ஒரே தொகை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மாடவீதி அவர்களுக்கு ஒரு சேதி. வடக்கு மாடவீதி முனையில் மல்லிகை வாங்கப் போயிருக்கிறாள். மதுரையிலிருந்து வருகிறேன், ஒரு முழம் என்ன விலை என்று கேட்டதும், பூக்காரம்மா, "மதுரைலருந்து வந்தவளுக்கு நான் மல்லி விக்கிறதா" என்று சிரித்துக்கொண்டே முழங்கையிலிருந்து விரல்நுனி வரை சரத்தை அளந்து கிள்ளிக் கொடுத்திருக்கிறார். பூ ஞாயிறு மதியமே வாடிவிட்டது. நாரை மட்டும் பத்திரமாகச் சுருட்டிக் கொண்டுவந்து, திங்கட்கிழமை காலை எங்கள் தெருப் பூக்காரியின் கையை நீட்டச் சொல்லி அதன்மேல் வைத்துப் பார்த்தாள். மயிலாப்பூர் முழம் இரண்டு விரற்கடை குறைவு.